இறந்தவரின் ரத்தம் மாரடைப்பைச் சொல்லிவிடுமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 35 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம்:

"என் கணவருக்கு 38 வயது. அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். எட்டு மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு ஒரு மணிக்கு எழுந்து, நெஞ்சைக் கரிக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்தார். நான்கு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். ஆட்டோவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தினார்கள். இரண்டு முறை ஷாக் கொடுத்தார்கள். பிழைக்கவில்லை. அப்போது எடுத்த ரத்தத்தில் ட்ரோபோனின் பாசிட்டிவ் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். 'மாரடைப்புதான்' என்று வாயால் சொன்னார்கள். ஆனால் போலீசுக்குத் தகவல் போய், அரசு மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை நடந்தது. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 60 சதவீதம் அடைப்பு, ரத்தக்கட்டி இல்லை, இதயத் தசையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்து விஷம் எதுவும் இல்லை என்று வந்தது. அதன் பிறகும் இறுதிக் கருத்தில் 'மரணத்துக்கான காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை' என்றே இருக்கிறது.

என் மாமியார் 'அந்தத் தண்ணீரில் என்ன கலந்தாய்' என்று உறவினர்கள் முன்னால் கேட்கிறார். கொழுந்தனார், எல்லாம் கொரோனா தடுப்பூசியால் வந்தது என்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்த ஆயுள் காப்பீட்டுக்கு, இறுதிக் காரணம் தெரிந்தால்தான் பணம் என்று அலைக்கழிக்கிறார்கள். ரத்தத்திலேயே மாரடைப்பு தெரிந்துவிட்ட பிறகு அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? எடுத்து வைத்திருக்கும் ரத்தத்தை இப்போதாவது சோதிக்க முடியுமா? எனக்கு 13 வயதில் மகளும் 9 வயதில் மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி வருமா?"

சட்ட மருத்துவத் துறை மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த நகல்களை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரே நேரத்தில் துக்கத்தையும் பழிச்சொல்லையும் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதங்களில் உள்ளதை வைத்துப் பார்த்தால், உங்கள் கணவர் இதயக் கோளாறால் இறந்திருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அந்தச் சீட்டு ஒன்றை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் கைக்கு அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்ததாக அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. தனியார் மருத்துவமனை கண்டது ஒரு கோப்பில், பிணவறையில் கண்டது இன்னொரு கோப்பில், ஆய்வகம் சொன்னது மூன்றாவது கோப்பில் என்று கிடக்கின்றன. இந்த மூன்றையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. உங்கள் சிக்கலை அவிழ்க்கும் முனை அங்கேதான் இருக்கிறது.

அந்த 'பாசிட்டிவ்' எவ்வளவு தூரம் பேசும்?

ட்ரோபோனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதம். தசைக்குள்ளேயே இருக்க வேண்டியது. தசை செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் கசிகிறது. மாரடைப்பு தொடங்கிச் சுமார் மூன்று மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒன்றிரண்டு வாரம்வரை ரத்தத்தில் தங்கியிருக்கும். உயிரோடு இருப்பவருக்குக்கூட ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நாங்கள் முடிவு சொல்வதில்லை. சில மணி நேரம் விட்டு மறுபடியும் ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்போம். 2018-இல் உலக அளவில் இதயநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த மாரடைப்பு வரையறையும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கேட்கிறது. அதோடு நெஞ்சுவலி, இ.சி.ஜி. மாற்றம் போன்ற வேறொரு சான்றும் வேண்டும். ட்ரோபோனின் ஏறுவதற்கு மாரடைப்பு மட்டும்தான் காரணம் என்பதும் இல்லை. சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தத்தில் கிருமித் தொற்று, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு, இதயத் தசை அழற்சி, மின்சாரம் பாய்தல், மார்பில் பலத்த அடி, இவை எல்லாவற்றிலும் ஏறும். உயிர்ப்பிக்க நெஞ்சை அழுத்துவதும் ஷாக் கொடுப்பதும்கூட ஏற்றும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்தும்போது இதயத் தசையும் கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும்.

உங்களிடம் இருப்பது அட்டைப் பரிசோதனையின் சீட்டு. கர்ப்பம் பார்க்கும் அட்டையைப் போல இரண்டாவது கோடு விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்ற எண் அதில் இல்லை.

இறந்த பிறகு எடுக்கும் ரத்தத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. உயிர் பிரிந்த சில மணி நேரத்திலேயே செல்கள் தாமாகக் கரையத் தொடங்குகின்றன. இதயத்துக்குள் தேங்கி நிற்கும் ரத்தம், தன்னைச் சுற்றியுள்ள தசை கரையக் கரைய ட்ரோபோனினை வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சாலை விபத்தில் இறந்தவரின் இதய ரத்தத்தில்கூட, உயிரோடு இருப்பவரிடம் கண்டால் மருத்துவர் பதறிப்போகும் அளவு தெரியலாம். இதைத் தவிர்க்கவே தொடைச் சிரையில், மேல்பக்கத்தைக் கட்டிவிட்டு, காலைப் பிழியாமல் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறோம். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இருக்கும் நீரையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஜப்பானில் ஒசாகாவிலும் ஸ்பெயினில் முர்சியாவிலும் சட்ட மருத்துவத் துறையினர் பல ஆண்டுகள் இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். உடல் எத்தனை மணி நேரம் கிடந்தது, ரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இரண்டும் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதே அந்த வகை ஆய்வுகள் தரும் பாடம். உயிரோடு இருப்பவர்களுக்கு வகுத்த வரம்பை இறந்தவருக்குப் போட்டுப் பார்ப்பது தவறு.

எதிர்த் திசையிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. இதயத் துடிப்பின் தாளம் குலைந்து சில நிமிடங்களில் இறந்தவருக்கு ட்ரோபோனின் கசிவதற்கே நேரம் இருந்திருக்காது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்பதால் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கணவரின் சீட்டுக்கு வருகிறேன். அது பிணவறையில் எடுத்த ரத்தம் இல்லை. நெஞ்சு கரிக்கிறது என்று அவர் சொன்னது ஒரு மணிக்கு. ரத்தம் எடுத்தது ஐந்து மணிக்கு முன்னால். நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. மாரடைப்பாக இருந்தால் ட்ரோபோனின் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதுதான். மருத்துவமனைக்குள் போனதும் கையில் ஊசி குத்தியபோதே ரத்தம் எடுத்திருந்தால், மார்பை அழுத்தியதால்தான் ஏறியது என்ற வாதம் மிகவும் பலவீனமாகிவிடும். அரை மணி நேரம் அழுத்திய பிறகு எடுத்திருந்தால் அந்தச் சந்தேகம் கொஞ்சம் நிற்கும். ஆகவே ரத்தம் எடுத்த நேரம் என்ன என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சீட்டில் அச்சாகியிருப்பது முடிவு வந்த நேரம். எடுத்த நேரம் செவிலியர் குறிப்பில்தான் இருக்கும்.

மேசையில் இதயம் சாதாரணமாகத் தெரிந்தது ஏன்?

"மாரடைப்பு என்றால் இதயத்தைத் திறந்தவுடன் தெரிய வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாரடைப்பில் உடனே இறந்தவரின் இதயம் பெரும்பாலும் எதையும் காட்டாது. தசை வெளிறியோ நிறம் மாறியோ கண்ணுக்குத் தெரிவதற்கு 12 மணி நேரமாவது ஆகும். நுண்ணோக்கியில் நம்பத்தகுந்த மாற்றம் தெரிவதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதற்கு முன்னால் தசை நார்கள் அலை அலையாக நெளிந்திருப்பது போன்ற பலவீனமான தடயம் மட்டுமே கிடைக்கும். உங்கள் கணவர் அந்த நான்கு மணி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை. இதயத் துண்டை டெட்ரசோலியம் என்ற சாயக் கரைசலில் போட்டால் உயிர்ப்புள்ள தசை செங்கல் சிவப்பாக மாறும், செத்த பகுதி வெளிறி நிற்கும். இரண்டு மூன்று மணி நேரத்துப் பாதிப்பைக்கூட அது சில வேளை காட்டிக்கொடுக்கும். உங்களிடம் உள்ள அறிக்கையில் அது செய்யப்பட்டதாகக் குறிப்பு இல்லை.

ரத்தக்குழாயை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக, நகக்கணு அகலத்துக்குள் மூன்று நான்கு துண்டு வருமாறு குறுக்கே வெட்டிப் பார்ப்போம். 75 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தால் மரணத்தை அதன்மேல் சுமத்த எங்களுக்குத் துணிவு வரும். 60 என்பது நடுவில் நிற்கும் எண். ஆனால் 38 வயதில் அவ்வளவு கொழுப்புப் படிந்திருப்பது சாதாரணம் இல்லை. அந்தப் படிவின் மேல் ஒரு கீறல் விழுந்து ரத்தம் உறைந்து, பிறகு அந்தக் கட்டி தானே கரைந்திருக்கலாம். குழாய் சுருங்கி இறுகியிருக்கலாம். அந்த இறுக்கம் மரணத்துக்குப் பிறகு தளர்ந்துவிடும், சுவடே இருக்காது. ரத்தக்கட்டி இல்லை என்று எழுதிய மருத்துவர் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார். தன் முன்னால் இருந்த பொருளை வைத்து 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்றதும் நேர்மையான சொல்லே. அவர்மேல் கோபப்பட வேண்டாம். எதையோ மறைக்கிறார் என்றும் எண்ண வேண்டாம்.

என் ஆதங்கம் வேறு. நம் மாநிலத்தில் சந்தேக மரணங்களில் விஷத்தைத் தேடும் ஏற்பாட்டுக்கு வேர் ஆழம். 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் வந்துவிட்டது. இன்றைய தடய அறிவியல் துறை அதன் வழியில் வந்ததுதான். வயிறு, குடல், கல்லீரல், சிறுநீரகம் என்று எடுத்து உப்புக் கரைசலில் போட்டு முத்திரை வைக்கும் வழக்கம் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இதயத்தைத் தேடும் ஏற்பாடு அப்படி வளரவில்லை. நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் மேசைக்கு வந்தால் இதயத்தை, உறுப்பைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்ப வேண்டும். தொடைச் சிரையிலிருந்து கொஞ்சம் ரத்தம் ட்ரோபோனினுக்கும், இதயம் நெடுநாள் திணறியதைக் காட்டும் என்.டி. ப்ரோ பி.என்.பி. அளவுக்கும் போக வேண்டும். இந்த இரண்டாவது பொருள் இறந்த பிறகும் ட்ரோபோனினைவிட நிலையாக இருக்கும். பூச்சிக்கடியிலோ மருந்து ஒவ்வாமையிலோ இறந்தாரா என்று சந்தேகம் வந்தால், ஒவ்வாமையின்போது ரத்தத்தில் ஏறும் ட்ரிப்டேஸ் என்ற பொருளைப் பார்க்கலாம். சர்க்கரை நோய் முற்றி இறந்தாரா என்றால் கண்விழிக்குள் இருக்கும் நீர் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் ஒரு சில மில்லி ரத்தம் மரபணுச் சோதனைக்காக உறைநிலையில் இருக்க வேண்டும். செலவு அதிகமில்லாத வேலைதான் இது. இளம் வயதில் ஒருவர் காரணம் தெரியாமல் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் இதுவே.

வைத்திருக்கும் ரத்தத்தை இப்போது சோதிக்கலாமா?

முடியாது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதைச் செய்துதருவதாக யாராவது பணம் கேட்டு வரக்கூடும். ரசாயனப் பரிசோதனைக்குப் போன ரத்தம் மதுவையும் விஷத்தையும் பார்ப்பதற்காக ஃப்ளோரைடு சேர்த்து வைக்கப்பட்டது. எட்டு மாதம் ஆன, செல்கள் உடைந்து சிவந்த அந்த ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. உப்பில் ஊறிய உறுப்புகளுக்கும் அதே கதிதான். இதயத் தசையில் அதிகம் இருக்கும் கொழுப்பு அமிலப் புரதம், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றெல்லாம் இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை இறந்தவர்களிடமும் ஆராயப்படுகின்றன, உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் ஒரு மருத்துவர் கைவைத்துச் சாட்சி சொல்லும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

இதயத்தை ஃபார்மலினில் வைத்து நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. அந்தத் துண்டுகளை எத்தனை மாதம் கழித்தும் மீண்டும் பார்க்கலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'பாதுகாக்கப்பட்டவை' என்ற பட்டியலைப் பாருங்கள். எனக்கு அனுப்பிய நகலில் அந்தப் பக்கம் மட்டும் தெளிவாக இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

முதல் வேலை தனியார் மருத்துவமனையில். அவசரப் பிரிவுக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, மருந்துப் பட்டியல், இ.சி.ஜி. தாள்கள், ட்ரோபோனின் முடிவு அனைத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது என்று நிதானமாக இருந்துவிடாதீர்கள். இ.சி.ஜி. எடுக்கும் தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் உறையிலோ வெயிலிலோ கிடந்தால் கோடுகள் மங்கி வெறும் இளஞ்சிவப்புக் கட்டம்தான் மிஞ்சும். ஷாக் கொடுப்பதற்கு முன் மானிட்டரில் ஓடிய தாளம் என்ன என்பது அதில் பதிவாகியிருந்தால், ட்ரோபோனின் சீட்டைவிட அந்த ஒரு தாள் பெரிய சான்று. இரண்டு முறை ஷாக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், ஷாக்குக்குக் கட்டுப்படக்கூடிய ஒரு தாளக் கோளாற்றை அவர்கள் மானிட்டரில் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஷாக் என்பது துடிப்பு முற்றிலும் நேர்கோடாகிவிட்டவருக்குக் கொடுப்பது இல்லை.

அடுத்து காவல் நிலையம். உங்கள் கணவரின் மரணம் சந்தேக மரணமாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் பதிவாகியிருக்கும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு கொடுங்கள். அதில் மேற்கண்ட ஆவணங்களை இணைத்து, 'இவை பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டு, இறுதிக் கருத்து மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்' என்று கேளுங்கள். நகலை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய ஆவணம் வந்தால் கருத்தைத் திருத்தித் தருவது எங்கள் தொழிலில் தலைகுனிவான காரியம் இல்லை. 'மாரடைப்பால் இறந்தார்' என்று திட்டவட்டமாக வராமல் போகலாம். 'இதய ரத்தக்குழாய் நோயால் இறந்திருக்கக்கூடும், விஷத்துக்கோ காயத்துக்கோ சான்று இல்லை' என்ற அளவில் வந்தாலே உங்களுக்குப் போதும்.

மூன்றாவது, காப்பீடு. 'மாரடைப்பு' என்ற சொல் இல்லாவிட்டால் பணம் வராது என்று நினைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. சாதாரண ஆயுள் காப்பீடு எந்தக் காரணத்தால் இறந்தாலும் தரப்பட வேண்டியது. முதல் 12 மாதத் தற்கொலை விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. விபத்துக் கூடுதல் தொகைக்குத்தான் காரணம் அவசியம், நீங்கள் அதைக் கேட்கவில்லை. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுகளைக் கடந்த ஆயுள் காப்பீட்டை எந்தக் காரணம் காட்டியும் கேள்விக்குள்ளாக்க முடியாது. உங்களுடையது ஆறு ஆண்டு. நடுவில் தவணை தவறிப் புதுப்பித்திருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள், அதைப் பாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

மாமியாரும் கொழுந்தனாரும்

மகனை இழந்த தாய் ஒரு காரணத்தைத் தேடுகிறார், கைக்கு எட்டியது அந்த ஓமத் தண்ணீர். அவர் சொல்வது உங்களை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரிகிறது. உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் ஒரே பரிசோதனையில் தேடிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் பூச்சிமருந்து, மது, பரவலாகக் கிடைக்கும் மருந்துகள் என்று வழக்கமாகத் தேடும் எதுவும் அகப்படவில்லை. வாயில் நுரை இல்லை, வாந்தி இல்லை, இரைப்பையின் உட்சுவரில் அரிப்பு இல்லை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறது. தண்ணீர் குடிப்பதற்கு முன்பே நெஞ்சு கரித்தது. ரசாயன அறிக்கையைக் குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர் முன்னிலையில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வெளியில் பழி சொல்வது நிற்காவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

தடுப்பூசி பற்றி: 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தவர்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. 729 மரணங்களை, உயிரோடு இருக்கும் ஒத்த வயதினரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் இருந்தது, கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் அளவு மீறிக் குடித்தது அல்லது கடும் உழைப்பில் ஈடுபட்டது ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டியிருந்தன. கொழுந்தனாரிடம் வாதாட வேண்டாம். அவருக்கு 33 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் 38-இல் போய்விட்டதால் இந்தக் குடும்பத்தில் உடனடியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர் அவர்தான். அதை மட்டும் எப்படியாவது அவர் காதில் போடுங்கள்.

நீங்கள் வரியோடு வரியாகக் கேட்காமல் கேட்ட ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாரடைப்பை வாயு என்று எண்ணுவது உங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை, மருத்துவர்கள் வீட்டிலும் நடக்கிறது. அவரே வாயு என்றார், நீங்கள் அவர் சொன்னதை நம்பினீர்கள். நீங்கள் கொடுத்த எதுவும் அவரைக் கொல்லவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: நெஞ்சு கரிப்போடு வியர்வையோ, தாடை, தோள், இடது கையில் வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பிள்ளைகள்

இரண்டு வழிகளை மனதில் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, அறிக்கை காட்டும் கொழுப்புப் படிவு. 38 வயதில் இது வந்திருப்பதால், பரம்பரையாகக் கெட்ட கொழுப்பு அதிகம் இருக்கும் நிலை குடும்பத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். மகள், மகன் இருவருக்கும் வெறும் வயிற்றில் கொழுப்பு அளவுகள் பார்க்க இந்த வயது போதும். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்பு வகையையும் வாழ்நாளில் ஒரு முறை பார்த்துவிடலாம். கொழுந்தனாருக்கும் மாமியாருக்கும் இதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை. கொழுந்தனாருக்கு டிரெட்மில் பரிசோதனையும் வேண்டும்.

இரண்டாவது, காரணம் உறுதியாகாத மரணம் என்பதால் பரம்பரை இதயத் தசை நோய்களையும் தாளக் கோளாறுகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரு இ.சி.ஜி., எக்கோ எனப்படும் ஓர் இதய ஸ்கேன் எடுங்கள். குடும்பத்தில் யாராவது நீச்சலடிக்கும்போது காரணமின்றி மூழ்கியது, ஓடும்போது மயங்கி விழுந்தது, தூக்கத்தில் இறந்தது, வலிப்பு என்று மருந்து சாப்பிட்டும் கேட்காதது உண்டா என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பரிசோதனைகளைவிடப் பயன்படலாம்.

மரபணுச் சோதனைத் தொகுப்புகளை இப்போது வாங்க வேண்டாம். இறந்தவரின் ரத்தத்தில் மரபணுவைப் பார்த்துக் காரணம் கண்டறியும் முறையை 1999-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழு ஒரு பெண்ணின் மரணத்தில் செய்துகாட்டியது. ஆனால் அதற்கு இறந்தவரின் நல்ல ரத்தம் வேண்டும், நமக்கு அது இல்லை. உயிரோடு இருப்பவரிடம் குருட்டுத்தனமாகத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009-இல் காட்டிய ஓர் இதயத் தசை மரபணு மாற்றம் இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறது. அது இருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. ஒரு பிள்ளைக்கு அது இருப்பதாகத் தாள் வந்தால் நீங்கள் இரவில் தூங்க மாட்டீர்கள். இ.சி.ஜி.யிலோ எக்கோவிலோ ஏதாவது தெரிந்தால், அப்போது இதய மருத்துவர் சொல்லும் சோதனையைச் செய்யலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இறுதிக் கருத்து திருத்தப்பட்டு வரட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். மனுவுக்குப் பதில் வர மாதங்கள் ஆகும். பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனையை வரும் வாரமே முடித்துவிட முடியும்.